கெல்டியரின் கோட்டைநகர்கள் ஏன் ஆளற்றுப் போயின?

ரோமானிய ஆட்சி ஐரோப்பாவில் பரவிய காலத்தில், அங்கே வாழ்ந்த பழைய இனக்கூட்டங்களான கெல்டியரின் அரண்சூழ்ந்த குடியிருப்புகள் ஏன் நலிந்தன, ரோமானியப் படையின் முற்றுகைக் கருவிகளுக்கு அந்த மதில்கள் தாக்குப்பிடிக்க முடியாமற்போனதுதான் காரணமா என்பது கேள்வி. சில இடங்களில் ஆம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் ஒவ்வோர் ஊரும் எப்போது ஆளற்றுப் போனது என்று அகழாய்வுகள் காட்டும் காலக்கணக்கை வரிசைப்படுத்திப் பார்த்தால், முற்றுகையில் விழுந்து அத்துடன் முடிந்துபோன ஊர்கள் சிறுபான்மையாகவே தெரிகின்றன. ரைன் ஆற்றுக்குக் கிழக்கே பல ஊர்கள், ரோமானியப் படை அங்கே வந்து சேர்வதற்கு முன்பே வெறுமையாகிவிட்டன. கௌல் நாட்டில், அதாவது இன்றைய பிரான்சிலும் அதை அடுத்த பகுதிகளிலும், பெரிய ஊர்கள் சில, போர் ஓய்ந்தபின் ஒரு தலைமுறைக் காலம் செழித்திருந்து, பிறகு தம் சொந்த மக்களாலேயே கைவிடப்பட்டன. ஆகவே அந்த மதில்களுக்குள் மக்களைச் சேர்த்து வைத்திருந்தது எது, அது எப்போது இல்லாமற்போனது என்ற பக்கத்திலிருந்து இக்கேள்வியை அணுகுவதே சரி என்று நினைக்கிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். ஜூலியஸ் சீசர் தம் போர்க்குறிப்புகளில் இந்த ஊர்களை 'ஒப்பிடும்' என்ற இலத்தீன் சொல்லால் குறிப்பிட்டார். ஆய்வாளர்களும் அதையே கலைச்சொல்லாகக் கொண்டுள்ளனர். தமிழில் அப்படியே எழுதினால் 'ஒப்பிடுதல்' என்ற வினையோடு குழம்பும் என்பதால் இங்கே கோட்டைநகர் என்றே எழுதுகிறேன். இவை கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் தோன்றி, கி.மு. 1-ஆம் நூற்றாண்டில் உச்சம் கண்டவை. பிரான்சிலிருந்து தெற்கு ஜெர்மனி, செக் நாடு வழியாக ஹங்கேரி வரை இவை பரவியிருந்தன. சில பத்து ஹெக்டேர் முதல் நூற்றுக்கணக்கான ஹெக்டேர் வரை பரப்புடையவை. உள்ளே கொல்லர் தெருக்கள், கண்ணாடி வளையல் செய்யும் பட்டறைகள், நாணயம் அடிக்கும் இடங்கள், தானியக் கிடங்குகள், பெருங்குடியினரின் வளாகங்கள், வழிபாட்டிடங்கள் எல்லாம் இருந்தன. சுற்றிலும், குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய மரச்சட்டங்களை நீண்ட இரும்பாணிகளால் பிணைத்து, இடையில் மண்ணும் கல்லும் நிரப்பி, முகப்பைக் கல்லால் கட்டிய மதில் பல இடங்களில் இருந்தது. கல் நெருப்பைத் தடுக்கிறது, மரச்சட்டம் மதில் இடிக்கும் கருவியின் அடியைத் தாங்கிக்கொள்கிறது என்று சீசரே இந்த அமைப்பைப் பாராட்டி எழுதியிருக்கிறார். பகைவன் பொறியியலைப் பாராட்டும் வழக்கம் அவரிடம் அதிகம் கிடையாது.

இந்த ஊர்கள் காலங்காலமாக இருந்துவந்தவை என்ற எண்ணத்தையும் முதலிலேயே விலக்கிவிட வேண்டும். தன்யூப் நதியின் மேல்பகுதியில் ஹாய்னபுர்க் என்ற இடத்தில் கி.மு. 600 அளவில், மத்தியதரைக்கடல் பாணியில் சுடாத செங்கல்லால் மதில் எழுப்பிய பெரிய ஊர் ஒன்று இருந்தது, அது கி.மு. 5-ஆம் நூற்றாண்டிலேயே மறைந்துவிட்டது. அப்போது ரோம் இத்தாலியில் ஒரு சிற்றரசு. கெல்டிய உலகில் மக்கள் பெரிய ஊர்களாகத் திரள்வதும், பிறகு சிற்றூர்களாகக் கலைவதும் முன்பே நடந்திருக்கின்றன. கோட்டைநகர்களின் முழு ஆயுளே பெரும்பாலும் 100 அல்லது 150 ஆண்டுகள்தான். இவ்வளவு இளமையான ஓர் ஏற்பாட்டின் முடிவைப் புரிந்துகொள்ள, அது எதன்மேல் நின்றது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அது நின்றது பெருங்குடித் தலைவர்களின் போட்டியின்மேல். ஒரு கெல்டியத் தலைவரின் வலிமை அவரிடம் எத்தனை நிலம் உண்டு என்பதைவிட, அவர் பின்னால் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதால் அளக்கப்பட்டது. இன்றைய சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த ஹெல்வேத்தியரின் தலைவர் ஓர்கெத்தோரிக்ஸ் தம்மீதான விசாரணைக்கு வந்தபோது, பத்தாயிரம் பேர் கொண்ட தம் வீட்டாரையும் அவர்களோடு தம்மிடம் கடன்பட்டிருந்தவர்களையும் திரட்டிக்கொண்டு வந்து தப்பித்துக்கொண்டதைச் சீசர் பதிவு செய்துள்ளார். கௌலின் எடுயி இனத்தைச் சேர்ந்த தும்னோரிக்ஸ் சுங்கம் உள்ளிட்ட வரிகளையெல்லாம் பல ஆண்டுகள் மிகக் குறைந்த தொகைக்கு ஏலத்தில் எடுத்தார். அவர் கேட்ட பிறகு எதிர்த்துக் கேட்க எவருக்கும் துணிவில்லை. அந்த வருமானத்தில் அவர் சொந்தச் செலவில் ஒரு குதிரைப்படையையே வைத்திருந்தார். அதற்குச் சில தலைமுறைகளுக்கு முன் அர்வெர்னி இனத்தின் மன்னர் லுவெர்னியஸ், தேரில் சென்றுகொண்டே பின்தொடரும் கூட்டத்துக்குப் பொன்னையும் வெள்ளியையும் இறைத்ததையும், பெரிய வேலி கட்டி அதனுள் தொட்டி தொட்டியாக மது நிரப்பி, வந்தவர்க்கெல்லாம் பல நாள் விருந்தளித்ததையும் கிரேக்கர் எழுதி வைத்திருக்கின்றனர்.

அந்த மது இத்தாலியிலிருந்து வந்தது. விலையாகப் போனவற்றுள் முதன்மையானது அடிமைகள். ஒரு சாடி மதுவுக்கு ஓர் அடிமையைத் தந்துவிடுவார்கள் என்று தியோதோரஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் வியந்து எழுதினார். அதை அப்படியே சந்தை விலையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. விருந்தினருக்குக் காட்டும் கொடையின் சாயலும் அதில் இருந்திருக்கலாம். ஆனால் சாடிகளின் உடைசல் பொய் சொல்வதில்லை: எடுயி இனத்தின் தலைநகரான பிப்ராக்த்தேயில் எங்கே தோண்டினாலும் இத்தாலிய மதுச்சாடித் துண்டுகள் குவியல் குவியலாக வருகின்றன. இதைப் படிக்கும் தமிழருக்கு அரிக்கமேடு நினைவுக்கு வருவது இயல்பு. சிறிது பிந்தைய காலத்தில் இத்தாலிய மதுச்சாடிகள் அங்கேயும் வந்து இறங்கின. மிளகும் மணியும் துணியும் கொண்ட வணிகத்துக்கு நடுவே மது ஒரு சரக்காக இங்கே வந்தது. கௌலிலோ அது அரசியலின் எரிபொருளாகவே இருந்தது. அடிமைகள் வேண்டுமென்றால் அண்டை இனத்தின்மேல் படையெடுக்க வேண்டும். படையெடுக்க ஆள்பலம் வேண்டும். ஆள்பலத்துக்கு விருந்து வேண்டும். விருந்துக்கு மது வேண்டும். அந்தச் சுழற்சி சுற்றும் வரையில் சுங்கம் வாங்கவும், சரக்கைக் காக்கவும், கூட்டம் கூட்டவும், பார்ப்பவர் மலைக்கும்படி மதில் எழுப்பிக் காட்டவும் ஓர் இடம் தேவைப்பட்டது. அந்த இடமே கோட்டைநகர். எனவே அந்த மதிலைப் போர்க்கருவியாக மட்டும் பார்ப்பது பிழை. பல கிலோமீட்டர் நீளமுள்ள மதில் முழுவதிலும் காவலுக்கு நிறுத்தும் அளவுக்குப் பல ஊர்களில் ஆட்களே இருந்திருக்க முடியாது.

இப்போது கிழக்கே பார்ப்போம். பவேரியாவில், இன்றைய இங்கோல்ஸ்டாட் நகருக்கு அருகில் உள்ள மான்சிங், கெல்டிய உலகின் மிகப் பெரிய ஊர்களில் ஒன்று. மலைமேல் அன்றிச் சமவெளியில், தன்யூப் கரையில், சாலைகள் கூடும் இடத்தில் கி.மு. 300 அளவில் மதிலற்ற ஊராகத் தொடங்கி, கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் 7 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மதிலைப் பெற்றது. உள்ளே சுமார் 380 ஹெக்டேர்; ஐயாயிரம் முதல் பத்தாயிரம் பேர் வரை வாழ்ந்திருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. 1999-இல் அங்கே கிடைத்த 483 பொன் நாணயங்கள் 2022-இல் அருங்காட்சியகத்திலிருந்து திருடப்பட்டதைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். இந்த ஊர் கி.மு. 1-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே தளரத் தொடங்கி, நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ வெறுமையாகிவிட்டது. ரோமானியப் படைத்தலைவர்களான துரூசுசும் திபேரியசும் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி அந்நிலத்தைக் கைப்பற்றியது கி.மு. 15-இல். அவர்கள் வந்தபோது எதிர்ப்பதற்கு மான்சிங்கில் எவரும் இல்லை.

மான்சிங்கில் நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் சிதறிக் கிடந்ததைக் கண்ட முதல் அகழாய்வாளர்கள், பெரும் படுகொலை நடந்து ஊர் அழிந்தது என்று எண்ணினர்; ரோமானியர்தாம் அதைச் செய்தார்கள் என்றுகூட ஒரு காலத்தில் எழுதப்பட்டது. எலும்புகளை மீண்டும் ஆராய்ந்தபோது, அவை ஒரே நாளில் இறந்தவர்களுடையவை அல்ல, இறந்தவர் உடலைப் பிரித்துக் கையாளும் ஈமச்சடங்கு ஒன்றின் எச்சங்கள் என்ற விளக்கமே வலுப்பெற்றது. அப்படியானால் ஊர் எதனால் காலியானது? மேற்கே ஜெர்மானியர் ரைனைக் கடந்து கௌலுக்குள் இறங்கினர். அரியோவிஸ்துஸ் என்ற அவர்களின் தலைவரைச் சீசர் கி.மு. 58-இல் போரிட்டு விரட்டினார். கிழக்கே, இன்றைய ருமேனியாவில் வாழ்ந்த தாசியரின் மன்னர் புரெபிஸ்தா, தன்யூப் சமவெளியில் வாழ்ந்த போயி இனத்தை நூற்றாண்டின் நடுப்பகுதியில் நொறுக்கினார். அவர்கள் வாழ்ந்த நிலத்தை 'போயிகளின் பாழ்நிலம்' என்றே பிற்காலத்தார் அழைத்தனர். மேற்கே கி.மு. 58 முதல் 51 வரை சீசரின் போர், கௌலின் வணிக வழிகளைக் குலைத்துப் போட்டது. மான்சிங் போன்ற ஊர் தன் சுற்றுவட்டார வயல்களை மட்டும் நம்பிப் பிழைத்த ஊர் அன்று. தொலைதூரச் சரக்கு வந்து இறங்கி மறுபடி ஏறும் சந்தியாக இருந்ததாலேயே அது வயிறு வளர்த்தது. இருபுறமும் வழி அடைந்தபோது, பட்டறைக்காரருக்கு வேலை இல்லை. வேலை இல்லாதபோது அத்தனை பேருக்குச் சோறு போட வழியில்லை. மக்கள் சிற்றூர்களுக்கும் பண்ணைகளுக்கும் கலைந்தனர். செக் நாட்டுப் போகேமியாவின் சாவிஸ்ட், ஸ்திராதோனிசே முதலிய கோட்டைநகர்களும் ரோமானியக் கால்படாமலேயே அந்நூற்றாண்டுக்குள் முடிந்துபோயின. அந்த வெற்றிடத்தில் ஜெர்மானிய மார்க்கோமன்னியர் மரோபோதூசின் தலைமையில் வந்து குடியேறியது அதற்குப் பிறகு. ரோம் இங்கே நேரடியாக எவரையும் வீழ்த்தவில்லை; ஆனால் மேற்கில் அது எழுப்பிய அதிர்வு கிழக்கின் சரக்குவழிகளைத் தொட்டது என்பதால், அதற்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

கௌலின் கதை வேறு. அங்கே போர் நடந்தது, அதுவும் கொடிய போர். கி.மு. 57-இல் அதுவாதூக்கியரின் கோட்டைநகரைப் பிடித்த சீசர், உள்ளே இருந்த 53,000 பேரை ஒரே விற்பனையில் அடிமைகளாக விற்றதைத் தாமே எழுதியிருக்கிறார். கி.மு. 52-இல் அவரிக்கும் என்ற ஊரில் இருந்த நாற்பதாயிரம் பேரில் எண்ணூறு பேர்தாம் தப்பினர் என்பதும் அவர் தரும் கணக்கே. மறு ஆண்டு உக்செல்லோதூனும் என்ற கோட்டைநகரில் ஊற்றைத் திருப்பிவிட்டு நீரை அறுத்து, சரணடைந்த வீரர்களின் கைகளை வெட்டினார். இந்த எண்களை எல்லாம் ரோமில் புகழ் தேடிய ஒரு படைத்தலைவரின் எண்கள் என்ற எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். ஆனாலும் அழிவு பெரிது என்பதில் ஐயமில்லை.

எனினும் இரண்டு செய்திகளை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலாவது, எரிந்த ஊர்களில் பலவற்றை எரித்தவர்கள் கெல்டியரே. கி.மு. 58-இல் ஹெல்வேத்தியர் மேற்கே குடிபெயரக் கிளம்பியபோது, திரும்பிவரும் எண்ணமே எழக்கூடாது என்று தம் பன்னிரண்டு கோட்டைநகர்களையும் நானூறு சிற்றூர்களையும் தாமே கொளுத்தினர். தோற்றபின் அவற்றை மீண்டும் கட்டச் சொன்னவர் சீசர். காரணம் எளிது: அந்த நிலம் வெறுமையாகக் கிடந்தால் ஜெர்மானியர் வந்துவிடுவர். கி.மு. 52-இல் ரோமானியருக்குத் தானியம் கிடைக்காமல் செய்ய, கௌலியரின் எதிர்ப்புக்குத் தலைமை தாங்கிய வெர்சிங்கெத்தோரிக்ஸ் வகுத்த திட்டத்தின்படி, பித்துரிகேசு இனத்தின் இருபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் ஒரே நாளில் எரிக்கப்பட்டன. அவரிக்குமை மட்டும் எரிக்க வேண்டாமென்று அதன் மக்கள் காலில் விழுந்து கேட்டுக்கொண்டதால்தான் அது முற்றுகைக்கு ஆளானது. இரண்டாவது, இன்னும் முக்கியமானது: போரில் மிகக் கொடுமையாக அடிபட்ட ஊர்கள் பல சாகவில்லை. அவரிக்கும் மீண்டெழுந்து ரோமானிய நகராகி, இன்று பூர்ஜ் என்ற பெயரில் இருக்கிறது. வெர்சிங்கெத்தோரிக்ஸ் பட்டினியால் சரணடைந்த அலேசியாகூட, அதே குன்றின்மேல் அரங்கும் மன்றமும் கொண்ட ஊராகவும் வெண்கல வேலைக்குப் பேர்போன இடமாகவும் நூற்றாண்டுகள் வாழ்ந்தது. பிப்ராக்த்தேயோ முற்றுகையைக் கண்டதே இல்லை. அதுதான் ஆளற்றுப் போனது. போரே காரணம் என்றால் இந்த வரிசை தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

பிப்ராக்த்தே பர்கண்டியில், 800 மீட்டரைத் தாண்டி உயர்ந்த பேவ்ரே மலைமேல் இருந்தது. வெளிமதில் சுமார் 200 ஹெக்டேரையும், உள்மதில் சுமார் 135 ஹெக்டேரையும் வளைத்தது. வெர்சிங்கெத்தோரிக்சின் தலைமையைக் கௌலியர் பலரும் உறுதிசெய்த கூட்டம் கி.மு. 52-இல் இங்கேதான் நடந்தது. அதே ஆண்டு இறுதியில் அலேசியாவில் வென்ற சீசர் குளிர்காலத்தைக் கழிக்க வந்து தங்கியதும் இங்கேதான். 19-ஆம் நூற்றாண்டில் புல்லியோவும், அவருக்குப்பின் அவருடைய உறவினர் தெஷலெத்தும் தோண்டி, 1984 முதல் பல நாட்டு ஆய்வாளர்கள் தொடர்ந்துவரும் இந்த இடத்தின் மிகப் பெரிய வியப்பு, தோல்விக்குப் பிந்தைய அடுக்குகளில் இருக்கிறது. போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே, ஊர் நடுவில் கல்தூண்கள் நிரை நின்ற ரோமானியப் பாணிப் பொதுமண்டபம் ஒன்று எழுந்தது. முற்றமும் நீர்த்தொட்டியும் கொண்ட இத்தாலிய வீடுகள் மலைமேல் கட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று படிப்படியாக விரிவடைந்து ஒரு சிறு அரண்மனைபோல் ஆகியது. தோற்ற ஊர், தோற்ற பின்னரே கல்லில் கட்டத் தொடங்கியது. கட்டியவர்கள் எடுயியின் பழைய பெருங்குடியினராகவே இருக்க வேண்டும். ரோமோடு அவர்களுக்கு நீண்டகால நட்புறவு இருந்தது. கி.மு. 52-இல் கட்சி மாறியதையும் சீசர் விரைவில் மன்னித்துவிட்டார்.

அப்படியிருக்க, கி.மு. 1-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அவர்கள் ஏன் கீழே இறங்கினார்கள்? ரோமின் முதல் பேரரசர் அகஸ்டசின் காலத்தில், சுமார் 25 கிலோமீட்டருக்கு அப்பால், சமவெளியில் அகஸ்தோதூனும் என்ற புதிய நகர் அமைக்கப்பட்டது. இன்றைய ஓதென் அதுதான். பெயரிலேயே ஒரு முரண் இருக்கிறது: 'தூனும்' என்பது கெல்டிய மொழியில் கோட்டையைக் குறிக்கும் சொல், அகஸ்டசின் கோட்டை என்று பெயர் வைத்து மக்களைக் கோட்டையிலிருந்து இறக்கினார்கள். அங்கும் சுமார் 6 கிலோமீட்டர் மதில் உண்டு. அதன் வாயில்களில் இரண்டு இன்றும் நிற்கின்றன. ஆனால் அது பேரரசர் அளித்த பெருமைக்காக எழுந்த மதில்; பகைவரை எதிர்பார்த்து எழுந்த மதில் அன்று.

குளிரும் ஏற்றமும்தான் காரணம் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். பேவ்ரே மலையின் குளிர்காலம் கடுமையானது என்பது உண்மை. ஆனால் அந்தக் குளிரில் நூறு ஆண்டுகள் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தார்களே. மாறியது வானிலை அன்று, மலைமேல் இருப்பதால் கிடைத்துவந்த ஆதாயம். கி.மு. 27-இல் அகஸ்டஸ் கௌலுக்கு வந்து குடிக்கணக்கு எடுக்கச் செய்தார். வரி இனி ஏலத்தில் தும்னோரிக்ஸ் போன்ற ஒருவர் கையில் விழாமல், கணக்கின்படி மாநில ஆட்சிக்குப் போயிற்று. அவருடைய படைத்தலைவர் அக்ரிப்பா லுக்தூனுமை, அதாவது இன்றைய லியோனை, மையமாக வைத்து நாற்றிசையும் சாலை போட்டார். வண்டிகள் சமவெளியில் ஓடின, சரக்கு அங்கே இறங்கியது. ஓரினம் மற்றோரினத்தின்மேல் படையெடுப்பது தடைபட்டதால் அடிமைகளைப் பிடிக்கும் வழியும் அடைந்தது. மதுவுக்குக் கொடுக்கப் பழைய விலைப்பொருள் இல்லை. தலைவர்களின் சொந்தப் படைகள் ரோமானியத் துணைப்படைகளாயின. கி.மு. 12-இல் லுக்தூனும் அருகே அமைந்த பலிபீடத்தில் கௌலின் இனங்கள் எல்லாம் ஆண்டுதோறும் கூடின. அதன் முதல் தலைமைப் பூசகர் பதவியை ஓர் எடுயி பெருங்குடியினரே பெற்றார். அதாவது பெருமையைத் தேடும் போட்டி நிற்கவில்லை, அது நடக்கும் களம் மாறிவிட்டது. பேரன் ரோமானியக் குடியுரிமையும் 'ஜூலியஸ்' என்ற பெயரும் பெற்று, சாலையோர நகரில் நீர்க்கால்வாயும் குளியல் மண்டபமும் கட்டிக்கொடுத்துப் பெயர் வாங்க முடியும் என்றால், பாட்டனைப்போல மலைமேல் சாடி சாடியாக மது ஊற்றிக்கொண்டிருக்க என்ன தேவை?

இதற்கு நான் மிக வலுவான சான்றாகக் கருதுவது கி.பி. 21-இல் நடந்த ஒரு கலகம். வரிச்சுமையும் கடனும் தாங்காமல் திரெவேரி இனத்தில் ஜூலியஸ் புளோரசும், எடுயியில் ஜூலியஸ் சக்ரோவிரும் கிளர்ந்தெழுந்தனர். சக்ரோவிர் நாற்பதாயிரம் பேரைத் திரட்டினார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் தசித்துஸ் எழுதுகிறார். அவர் பழைய மலைக்கோட்டைக்கு ஏறி மதிலைப் பழுதுபார்த்து நின்றிருக்கலாம். எழுபது ஆண்டுகளுக்குமுன் அவருடைய பாட்டனார் தலைமுறை அதைத்தான் செய்திருக்கும். அவரோ அகஸ்தோதூனுமைக் கைப்பற்றினார். ஏனென்றால் கௌலின் பெருங்குடிப் பிள்ளைகள் எல்லாம் அங்கே படித்துக்கொண்டிருந்தனர். அவர்களைப் பிடித்தால் அவர்கள் குடும்பங்களும் தம் பக்கம் வரும் என்பது கணக்கு. ரோமை எதிர்ப்பவருக்கும் பிப்ராக்த்தே பயன்படாத இடமாகிவிட்டது. நகரிலிருந்து பன்னிரண்டாம் மைல்கல் அருகே வெளியில் நடந்த போரில் தோற்று, ஒரு பண்ணைவீட்டில் சக்ரோவிர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இந்த இடமாற்றம் ரோமின் கட்டளையா, மக்களின் விருப்பமா என்பது ஆய்வாளரிடையே நெடுநாள் வழக்கு. மலையில் இருந்தால் மறுபடி எதிர்ப்பார்கள் என்று அஞ்சி ரோம் இறக்கியது என்பது பழைய கருத்து. கி.மு. 123 அளவில் தெற்கே அந்திரமோன் என்ற கோட்டைநகரை அழித்து, அதன் அடிவாரத்தில் மறு ஆண்டே அக்குவே செக்ஸ்தியே என்ற ரோமானியக் குடியிருப்பை அமைத்ததும், ஸ்பெயினில் கி.மு. 133-இல் நுமாந்தியாவைப் பட்டினிபோட்டுத் தரைமட்டமாக்கியதும் அப்படிப்பட்ட கொள்கை ரோமிடம் இருந்ததையே காட்டுகின்றன. ஆனால் கௌலின் நடுப்பகுதிக்கு அது பொருந்தவில்லை என்பது என் முடிவு. முதலாவதாக, அச்சம் காரணமானால் முப்பது நாற்பது ஆண்டுகள் காத்திருந்திருக்க மாட்டார்கள். அதற்கும் மேலாக, பெரும்போர் நடக்காத நோரிக்கும் நாட்டிலும் இதே மாற்றம் நடந்தது. இன்றைய ஆஸ்திரியாவில், ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த மக்தலேன்ஸ்பெர்க் மலையில் உள்ளூர் இரும்பை வாங்க வந்த இத்தாலிய வணிகர்கள் பெரிய சந்தையே நடத்தினர். எத்தனை கொக்கி, எத்தனை வளையம் வாங்கினோம் என்று நிலவறைச் சுவரில் கீறிவைத்த கணக்குகள் இன்றும் இருக்கின்றன. நோரிக்கும் பெரிய சண்டையின்றிப் பேரரசில் சேர்ந்தது. பேரரசர் கிளாதியுஸ் காலத்தில் அடிவாரத்துச் சமவெளியில் விருனும் நகர் அமைந்ததும், வணிகர்களும் அலுவலர்களும் அங்கே இறங்கிவிட, மலை வெறிச்சோடியது. லக்சம்பர்கின் தித்தெல்பெர்க் மலையில் இருந்த திரெவேரியின் முதன்மை ஊர், மோசெல் ஆற்றின்மேல் கி.மு. 18-17 அளவில் பாலம் கட்டப்பட்டு அங்கே திரியர் நகர் வளர்ந்தபோது, அழியாமல், ஆனால் சிற்றூராகச் சுருங்கிப் பட்டறைத்தொழிலோடு பிழைத்தது. மறுபுறம், ஆற்றங்கரையிலோ சாலைச் சந்தியிலோ முன்பே இருந்த பெசன்சோன், ரைம்ஸ், பூர்ஜ் போன்றவை இடம்மாறவே இல்லை. அவற்றின் தெருக்களின் அடியில்தான் பழைய கோட்டைநகர் கிடக்கிறது. ஆகவே சமவெளிக்கு வந்துசேர்ந்த ஆதாயத்தை எட்டிப்பிடிக்கக்கூடிய இடத்தில் இருந்த ஊர் நின்றது, எட்டாத இடத்தில் இருந்த ஊர் கலைந்தது என்று சொன்னால் பெரும்பாலும் பிழையாகாது.

பிரித்தானியாவைத் தனியாகப் பார்க்க வேண்டும். அங்குள்ள மலைக்கோட்டைகள் ஐரோப்பிய நிலப்பரப்பின் கோட்டைநகர்களைவிடச் சிறியவை, மூத்தவை. தெற்கே டேன்பரியில் தொல்லியலாளர் கன்லிஃப் இருபது ஆண்டுகள் நடத்திய அகழாய்வு, கி.மு. 100 அளவிலேயே அதன் வாயில் எரிந்து ஊர் பெரும்பாலும் கைவிடப்பட்டதைக் காட்டியது. ரோமானியர் வந்தது கி.பி. 43-இல். அதற்குள் தென்கிழக்கில் பல மலைக்கோட்டைகள் ஓய்ந்து, கமுலோதூனும் போன்ற பரந்த சமவெளி ஊர்கள் அரசர்களின் இருக்கைகளாகியிருந்தன. மேற்கே தோர்செட் பகுதியில்தான் ரோமானியப் படைத்தலைவர் வெஸ்பாசியன் கோட்டை கோட்டையாகப் பிடித்துச் சென்றார். இருபதுக்கும் மேற்பட்டவற்றைப் பிடித்தார் என்பது ரோமானிய எழுத்தாளர் சுவெத்தோனியசின் கணக்கு. ஹாட் ஹில் என்ற குன்றில் ஒரு வீட்டைச் சுற்றி எறிபொறியின் இரும்பு அம்புகள் செருகிக் கிடந்தன. பிறகு அதே கோட்டையின் ஒரு மூலையில் ரோமானியர் தம் பாசறையை அமைத்துக்கொண்டனர். இங்கே முற்றுகை என்ற விடை சரி.

ஆனால் பக்கத்திலேயே உள்ள மெய்டன் காசிலின் கதை எச்சரிக்கையாக நிற்கிறது. 1934 முதல் 1937 வரை அதைத் தோண்டிய மார்ட்டிமர் வீலர், கிழக்கு வாயிலில் வெட்டுக்காயங்களோடு கிடந்த எலும்புக்கூடுகளைக் கண்டு, ரோமானியத் தாக்குதலில் மாண்டவர்களை அன்றிரவே அவசரமாகப் புதைத்த இடுகாடு என்று ஓவியம்போல் எழுதிவிட்டார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1945-இல், அரிக்கமேட்டில் தோண்டி ரோமானியப் பானைகளைக் கொண்டு தென்னிந்தியத் தொல்லியலுக்குக் காலவரிசை வகுத்தவரும் இதே வீலர்தான். மண் அடுக்குகளைப் படிப்பதில் அவர் வல்லவர். நாடகத்தின்மேல் அவருக்கு இருந்த ஆசையும் சிறிதன்று. 1980-களில் நடந்த மறு அகழாய்வும், அண்மையில் எலும்புகளுக்குச் செய்த கதிரியக்கக் கரிமக் கணிப்பும், அந்த இறப்புகள் ஒரு நாளில் நிகழ்ந்தவை அல்ல, பல பத்தாண்டுகளில் பரவியவை என்றும், காயங்களில் பல உள்ளூர்ச் சண்டைகளில் பட்டவையாக இருக்கலாம் என்றும் காட்டுகின்றன. ரோம் வருமுன்பே அந்தக் கோட்டை தன் மக்களில் பெரும்பகுதியை இழந்திருந்தது. எஞ்சியவர்கள் அருகே எழுந்த துர்னோவாரியா நகருக்கு, இன்றைய தோர்செஸ்தருக்கு, போய்ச் சேர்ந்தனர்.

எல்லைக்கு அப்பால் என்ன நடந்தது என்பதையும் பார்த்துவிட்டால் கணக்கு முழுமையாகும். ஸ்காத்லாந்தின் தென்கிழக்கில் வோத்தாதினியரின் திராப்ரைன் லா என்ற குன்றில், ரோமானிய ஆட்சி பக்கத்தில் இருந்த காலம் முழுவதும் மக்கள் பெரும்பாலும் வாழ்ந்துவந்தனர். வணிகத்தாலும் கொடையாலும் ரோமின் பொருள் அந்தத் தலைவர்களுக்கு வந்தது. ஆனால் குடிக்கணக்கும் வரியும் சாலையோர நகரும் அங்கே நிலைக்கவில்லை. 1919-இல் அங்கே தோண்டியெடுத்த, வெட்டி மடிக்கப்பட்ட ரோமானிய வெள்ளிப் பாத்திரக் குவியல் இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ளது. ரோம் பக்கத்தில் இருப்பது மட்டுமே மலைக்கோட்டையைக் கொல்லவில்லை; ரோமின் ஆட்சிமுறை வேரூன்றிய இடங்களில்தான் அது செத்தது.

அந்த ஆட்சிமுறை போனபிறகு சில குன்றுகளுக்கு மக்கள் திரும்பி ஏறினார்கள். இங்கிலாந்தின் தென்மேற்கில் சவுத் காட்பரி என்ற பழைய மலைக்கோட்டையை 1966 முதல் 1970 வரை லெஸ்லி ஆல்காக் தோண்டினார். ரோமானிய நிர்வாகம் பிரித்தானியாவை விட்டு நீங்கிச் சில பத்தாண்டுகள் கழித்து, கி.பி. 5-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், உள்ளூர்த் தலைவர் ஒருவர் அந்தக் குன்றின் உச்சியைச் சுற்றி மரச்சட்டமும் கல்லுமாகப் புதிய மதில் எழுப்பியிருந்தார். பாழடைந்த ரோமானியக் கட்டடங்களிலிருந்து எடுத்த கற்களும் அதில் இருந்தன. உள்ளே ஒரு பெரிய விருந்து மண்டபம். அதன் அருகே கிடைத்தவற்றுள், கிழக்கு மத்தியதரைக்கடலிலிருந்து கப்பலேறி வந்த மதுச்சாடிகளின் துண்டுகளும் இருந்தன.